முன்பே வந்து போனவன்

அபியோ முதலில் பிறந்தவள்.
அடோங்கோ பதினோரு நிமிடம் பின்னால்.
லுவோ மொழியில் பெயரே வரிசையைச் சொல்லிவிடும்,
முகம் சொல்லாது.
எனக்கு அடையாளம்
அடோங்கோவின் இடக்கைக் கட்டைவிரலில்
மீன்கத்தி விட்டுப்போன வெள்ளைக் கோடு.

இரட்டையருக்குப் பின் பிறப்பவன் ஒகெல்லோ.
இருந்தான்,
நான்கு வயது வரை.
மழைக்காலக் காய்ச்சல் என்று
படிவத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஏரிக்கரை மருத்துவமனை என்பது மிகைதான்.
இரண்டு சரக்குப் பெட்டிகள், ஒரு ஜெனரேட்டர்,
மைனஸ் எண்பது டிகிரியில் நடுங்காமல் நிற்கும்
சின்ன அலமாரி.
வெளியே பழைய வலைகள்மேல் ஓமெனா காய்கிறது.
எத்தனை துவைத்தும் என் கோட்டில்
அந்த மீன் வாசம்.

டாக்டர் நெகேசா பாயில் உட்கார்ந்து சொன்னார்:
கொசு கடித்ததும் கிருமி இரத்தத்தில் இறங்கும்.
ஈரலுக்குள் ஒளிவதற்குக் கொஞ்ச நேரம்தான் எடுக்கும்.
அதற்குள் அதை மடக்கிப் பிடிக்க
உள்ளே ஓர் ஆள் வேண்டும்.
தடுப்பூசி, ஆளைத் தயார் செய் என்று
உடம்பிடம் கேட்டுக்கொள்ளும்.
இது கேட்காது.
ஆளைச் செய்யும் முறையையே
எழுதிக் கொடுத்துவிடும்.

எழுதுவதற்கு நான்கே எழுத்து.
குழாய்க்குள் இருக்கும்வரை
அதில் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை.
தொடைத் தசையில் இறங்கி
தசை அதை வாசிக்கத் தொடங்கும்போதுதான்
உயிர்மெய்.

சுமந்து போவது ஒரு வைரஸ்.
குடலை வழித்தெடுத்த மீன் போல
உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத வெறும் ஓடு.
நோய் செய்யத் தெரியாத சாது.

அபியோ கேட்டாள்:
பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாமா?
ஜெனரேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
முடியாது, என்றார் நெகேசா.
நல்லது, என்றாள் அவள்,
திருப்பி வாங்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

இரத்தம் சோதித்தது நான்.
அபியோவின் தட்டு தெளிந்திருந்தது.
அடோங்கோவின் தட்டில் மஞ்சள்.
இரண்டாம் முறையும் மஞ்சள்.
புதுக் குப்பி உடைத்துப் பார்த்தேன்,
மஞ்சள்தான்.

என்றைக்கோ, எந்த வயதிலோ
அந்தச் சாது இவள் வாசலுக்கு வந்திருக்கிறான்.
மூக்கு ஒழுகியிருக்கலாம், அதுவும் இல்லாமல் போயிருக்கலாம்.
அடித்து விரட்டிய இரத்தம்
அவன் முகத்தைக் குறித்து வைத்துக்கொண்டது.
இனி அதே சட்டையில் எவன் வந்தாலும்,
கையில் மருந்தே இருந்தாலும்,
படியேற விடாது.

இதை எப்படிச் சொல்வது?
உன்னைக் காத்ததுதான்
உனக்குக் காவல் வராமல் தடுக்கிறது என்றா?
பட்டியலில் உன் பெயர் இல்லை என்று மட்டும் சொன்னேன்.
விடவில்லை. முழுக்க வாங்கிக்கொண்டாள்.
ஒரே வயிறு, ஒரே தட்டு, ஒரே பாய்.
அவன் எப்போது வந்தான்,
நான் மட்டும் எங்கே இருந்தேன்?
அபியோவுக்கு ஒரு நாள் நினைவு வந்தது:
நீ சுருண்டு கிடந்தாய்,
உன் கஞ்சியையும் நான் குடித்தேன்.
அதுதானா என்று என்னைப் பார்த்தார்கள்.
தெரியாது.

முழங்கால் தண்ணீரில் நின்று
படகிலிருந்து கூடை இறக்கும் தொடை அது.
ஊசி போட்ட மறுநாளும் இறக்கினாள்.
ஆறாம் வாரம் அவள் இரத்தத்தில்
அந்த ஆள் இருந்தான், நிறையவே.
எழுதிப் போட்டதைத் தசை
பிழையில்லாமல் வாசித்திருக்கிறது.
அவள் கேட்டது: அவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

மாதாமாதம் இருவருமே வருகிறார்கள்.
அழைக்காத அடோங்கோவும் கை நீட்டுகிறாள்:
அது இன்னும் மறக்கவில்லையா, பார்.
விதியில் இல்லை. பார்க்கிறேன்.
மறக்கவில்லை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன்.
இருவருக்கும் ஒரே கொசுவலை.
அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை,
அடோங்கோ தலைமாட்டில் இருந்ததாம்.
வலையை அப்படியே சுற்றி
ஓட்டையை அபியோ பக்கம்
திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.
காட்டிவிட்டுச் சிரித்தார்கள்.

இது சோதனைதான், இன்னும் எங்களுக்கே தெரியாது,
தைத்துவிடுங்கள் என்றேன்.
நூல் இருக்கிறதா என்று
என் பையைத் துழாவினேன்.